உட்கார ஒரு ஸ்டூல், கேட்க ஒரு வார்த்தை

கடைசியாக நீங்கள் புடவை எடுக்கப் போன நாளை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். கூட வந்த மாமியார் உட்கார்ந்திருப்பார். அலுத்துப்போன உங்கள் வீட்டுக்காரருக்குக்கூட மூலையில் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். உங்களுக்கு முப்பது புடவையை விரித்துக் காட்டி, முப்பதையும் திரும்ப மடித்து அடுக்கினாளே, அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாளா?

"அதை யார் கவனித்தார்கள்?" என்பீர்கள். நியாயம்தான். புடவை பார்டரில் கண் இருக்கும்போது அவள் காலில் எப்படிக் கண் போகும்!

வேலை செய்யுமிடத்தில் சந்தோஷம் வேண்டும் என்று இப்போது எங்கே பார்த்தாலும் பேசுகிறார்கள். ஆபீஸில் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். மகளிர் தினம் வந்தால் ஆளுக்கொரு ரோஜாப்பூ. பலூன் கட்டுகிறார்கள், யோகா வகுப்பு நடத்துகிறார்கள். நல்லதுதான், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் வேலைக்குப் போய்வரும் பெண்களிடம், "உனக்கு அங்கே எதும்மா சந்தோஷம், எது கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் நாலைந்து பேரிடம் கேட்டேன். ஒருத்திகூடக் கேக்கைப் பற்றிப் பேசவில்லை. உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், போக ஒரு சுத்தமான பாத்ரூம், சொன்ன தேதியில் சம்பளம், மனுஷியாக மதித்து ஒரு வார்த்தை. இவ்வளவுதான் வந்தது.

"வீட்டோடு இருக்கிற நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! கடையில் நாம்தான் வாடிக்கைக்காரர். சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும் மகளோ மருமகளோ கணவரோ முதலில் பார்ப்பது நம் முகத்தைத்தான். போதாததற்கு நம்மில் பலர் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோம். அங்கே நாமே முதலாளி! ஆக, மூன்று பக்கத்திலும் நம் கை இருக்கிறது.

நின்றால் என்ன ஆகும்?

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நிக்கிறது பழகிப்போச்சு அத்தை. ஆனா கூட்டமே இல்லாத மத்தியானத்திலயும் நிக்கணும் பாருங்க, அதான் தாங்கல. லேசா சாய்ஞ்சா சூப்பர்வைசர் முறைப்பாரு. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். பாத்ரூம் போகணும்னா ஆம்பளைகிட்ட கேட்டுட்டுப் போகணும். எதுக்கு வம்புன்னு தண்ணியே குடிக்கிறதில்ல."

இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? உடம்பு படைக்கப்பட்ட விதம் அப்படி. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தசைக்கு வேலை இல்லை. ரத்தம் காலிலேயே தேங்குகிறது. சாயங்காலத்தில் பாதம் வீங்கிச் செருப்பு இறுக்குவது இதனால்தான். வருஷக்கணக்கில் இப்படி நிற்பவர்களுக்கு ரத்தக் குழாய்கள் புடைத்துப் பச்சையாய், புழுப்போல் நெளிந்து தெரியும். அதைத்தான் வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். இடுப்பு வலியும் குதிகால் வலியும் கூடவே வரும்.

தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைப்பதோ இன்னும் மோசம். சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கிவிடும். எரிச்சல், அடிவயிற்று வலி, ஜுரம் என்று போய், கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தையே தொட்டுவிடும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு. அதனால் ஆண்களைவிட நமக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இப்படி இருக்கிற பெண்ணுக்குத் தீபாவளி போனஸோடு ஒரு டப்பா இனிப்பைக் கொடுத்து, "எங்கள் ஊழியர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்றால் எப்படி?

ஒரு ஸ்டூலுக்காக ஒரு சட்டம்

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கடையில் நிற்கும் பெண்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று இங்கிலாந்தில் 1899-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்று விற்பனைப் பெண்களுக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று கணக்கே சொல்லிவிட்டார்கள்.

நம் பக்கத்தில் இதை முதலில் உரக்கக் கேட்டவர்கள் கேரளத்துப் பெண்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று நெரிசலான கடைத்தெரு உண்டு. அங்கே தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி என்ற பெண்மணி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை ஆரம்பித்தார். முதலில் அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? கழிப்பறை! கடைகளில் அதுகூட இல்லை. பிறகு, உட்காரும் உரிமை. "உட்காருவதற்கு ஒரு போராட்டமா?" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் விடவில்லை. கடைசியில் 2018-ல் கேரள சர்க்கார் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று எழுதிவிட்டது. அந்த வருஷம் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

அடுத்தது நம் தமிழ்நாடு. 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா கொண்டுவந்து, 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு வசதியாக, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை போட்டிருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஆண், பெண் இருவருக்கும் பொது. பெரிய கடை, சின்னக் கடை என்ற பேதம் கிடையாது.

சட்டம் வந்தாயிற்று. ஸ்டூல் வந்ததா? சில கடைகளில் வந்திருக்கிறது. சில இடங்களில் ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் தைரியம் இல்லை!

நம் பெயரைச் சொல்லி...

வழக்கமாக நான் போகும் ஒரு கடையில், கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன். "ஏன் தம்பி, கூட்டம் இல்லாத நேரத்தில் இந்தப் பொண்ணுங்க கொஞ்சம் உட்கார்ந்தால் என்ன?"

அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லீங்கம்மா. நீங்க உள்ளே வரும்போது அவங்க உட்கார்ந்திருந்தா, கஸ்டமருக்கு மரியாதை இல்லேன்னு நீங்கதானே கோவிச்சுக்குவீங்க?" என்றார்.

பார்த்தீர்களா! நமக்கு மரியாதை என்று நம் பெயரைச் சொல்லித்தான் அந்த ஸ்டூலைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். நாம் கேட்காத மரியாதை. அதற்கு அந்தப் பெண் தன் காலைக் கொடுக்கிறாள்.

"நாங்க கோவிச்சுக்க மாட்டோம் தம்பி. வந்தவுடனே எழுந்து புடவை காட்டினா போதும். அதுவரைக்கும் உட்காரட்டும்" என்றேன். பக்கத்தில் ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளும், "ஆமாம், அதுங்களும் நம்ம பிள்ளைங்க மாதிரிதானே!" என்று சேர்ந்துகொண்டார். மூன்று மாதம் கழித்துப் போனேன். ஸ்டூல் போட்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கு இரண்டு. 1899 கணக்குக்குக்கூட இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் ஆரம்பம் ஆரம்பம்தானே?

கடைக்குப் போகும்போது நாம் செய்யக்கூடியவை இன்னும் சில உண்டு:

உள்ளே நுழையும்போது விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். "பரவாயில்லை, மெதுவா எழுந்திரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாலு பேர் காதில் விழட்டும்.

என்ன கலர், என்ன விலைக்குள் என்பதை வீட்டிலேயே ஓரளவு தீர்மானித்துக்கொண்டு போங்கள். நம் நேரமும் மிச்சம், அவள் முதுகும் மிச்சம்.

கடை அடைக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நுழையாதீர்கள். நாம் கிளம்பிய பிறகும் அவள் மடித்து அடுக்க ஒரு மணி நேர வேலை இருக்கும். கடைசி பஸ்ஸை அவள் பிடிக்க வேண்டாமா?

யோசனைப் புத்தகமோ பெட்டியோ வைத்திருந்தால், "ஊழியர்களுக்கு இருக்கை போடுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள். முதலாளிக்குத் தொழிலாளி சொல்வதைவிட வாடிக்கைக்காரர் சொல்வது சீக்கிரம் காதில் ஏறும்.

ஐந்து பெண்களின் கதை

இப்படிச் சலுகை கொடுத்தால் வேலை கெட்டுப்போகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. கதை என்றாலும் நடந்தது. அமெரிக்காவில் சிக்காகோ நகருக்குப் பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடத்தில் டெலிபோன் சாமான்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை இருந்தது. 1927-ல் அங்கே ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, டெலிபோனுக்கான சின்னஞ்சிறு கருவிகளைப் பூட்டும் வேலையைக் கொடுத்தார்கள். காலையிலும் பிற்பகலிலும் சில நிமிஷம் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். நடுவே சிற்றுண்டி கொடுத்துப் பார்த்தார்கள். வேலை நேரத்தைக் குறைத்தும் பார்த்தார்கள். அவர்கள் செய்து முடித்த கருவிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. வேடிக்கை என்னவென்றால், ஒரு கட்டத்தில் எல்லாச் சலுகையையும் எடுத்துவிட்டுப் பழையபடி வேலை வாங்கியபோதும் வேலை பழைய அளவுக்கு இறங்கவில்லை!

ஏன்? அந்த அறையில் அதட்டும் மேஸ்திரி இல்லை. "இது எப்படி இருக்கிறது, அது எப்படி இருக்கிறது?" என்று அவர்களைக் கேட்டார்கள். பேச விட்டார்கள். தங்களையும் ஒரு பொருட்டாக மதிக்கிறார்கள் என்ற எண்ணம்தான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள், "அது மட்டுமில்லை, அந்தப் பெண்களுக்குக் கூலி கணக்கிடும் முறையும் மாற்றப்பட்டு, செய்த வேலைக்கு ஏற்பக் காசும் கிடைத்ததே!" என்று சுட்டிக்காட்டினார்கள். எனக்கென்னவோ இரண்டுமே சரியென்று படுகிறது. நல்ல வார்த்தை வேண்டும், உரிய காசும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் குறைத்தால் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

வீட்டுக்கு வந்த பிறகு

வேலையில் இருக்கும் கஷ்டத்தை எல்லாம் நாம் போய்த் தீர்க்க முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்த முதல் கால் மணி நேரம் நம் கையில் இருக்கிறது. செருப்பைக் கழற்றும்போதே "அரிசி வாங்கிட்டு வந்தியா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். ஒரு செம்புத் தண்ணீர் கொடுங்கள். சுவரோரம் படுத்து, இரண்டு தலையணை வைத்துக் காலைச் சற்று உயரத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வீக்கம் வடிவது தெரியும். வேலையில் நிற்கும்போதே அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்கினால் கெண்டைக்கால் தசைக்கு வேலை கிடைக்கும். செருப்பு தட்டையாகவும் கெட்டியாகவும் இல்லாமல் மெத்தென்று இருக்கட்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தாலும், "வெயில் சூடு" என்று மோர் குடித்துத் தள்ளிப்போட வேண்டாம்.

பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இளம் தாய்மார்களுக்கு ஒன்று. 2017-ல் பிரசவ கால விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது பொருந்தும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவர விட வேண்டும் என்றும் அப்போது சேர்த்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும். வீட்டில் உள்ள நாம், "கேள், தப்பில்லை" என்று தைரியம் சொல்ல வேண்டும்.

நம் வீடும் வேலை செய்யுமிடம்தான்

இனி, கொஞ்சம் மனசைத் தொட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். வேலை செய்யுமிடத்தில் பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்க 2013-ல் ஒரு சட்டம் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று சொன்ன அதே சட்டம், வேலை செய்யுமிடம் எது எது என்று பட்டியல் போடும்போது வீட்டையும் சேர்த்திருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண் மாவட்ட அளவிலுள்ள குழுவிடம் புகார் சொல்லலாம். ஆக, உங்கள் வீடும் என் வீடும் ஒரு பெண்ணுக்கு 'ஆபீஸ்'தான்!

அந்த 'ஆபீஸ்' எப்படி இருக்கிறது? பக்கத்துத் தெருவிலுள்ள அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்யும் ஓர் அம்மாள் சொன்னார்: "அஞ்சு வீட்டுல வேல செய்யறேம்மா. அஞ்சு வீட்டு பாத்ரூமையும் நாந்தான் கழுவுறேன். எனக்கு அவசரம்னா மட்டும் என் வீட்டுக்குத்தான் ஓடணும். அதனால காலையில காப்பித்தண்ணிகூடக் குடிக்கிறதில்ல."

ஜவுளிக் கடைப் பெண் சொன்ன அதே வார்த்தை! அங்கே சூப்பர்வைசர். இங்கே யார்?

நம் சமையலறைக்கும் ஒரு ஸ்டூல் வேண்டும், சகோதரிகளே. காய் நறுக்கவோ, காப்பி குடிக்கவோ வேலை செய்யும் பெண் தரையைத் தேடாமல் உட்காரட்டும். நாம் குடிக்கும் டம்ளரிலேயே அவளுக்கும் காப்பி கொடுக்கலாம், காப்பிக்கு ஜாதி கிடையாது. பாத்ரூமைக் காட்டி, "போகணும்னா போய்க்கோம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டால், கேட்கும் கூச்சம் அவளுக்கு இல்லை. வாரத்தில் ஒரு நாள் லீவு என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். அப்போது அவளும் திடீரென்று நின்று நம்மைத் திண்டாடவிட மாட்டாள். சம்பளம் ஒரே தேதியில் போகட்டும். வருஷத்துக்கு ஒரு முறை அவள் கேட்காமலே ஏற்றிக் கொடுங்கள். "வேலைக்காரி" என்று கூப்பிடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதில் பெரியவளானால் "அக்கா" என்றால் நம் வாய் தேய்ந்து போகாது.

தமிழ்நாட்டில் வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டிருக்கிறாளா என்று கேட்டு, இல்லையென்றால் நம் வீட்டுப் பிள்ளைகளை விட்டு விவரம் பார்த்துச் சொல்லலாம். படிப்பு இருக்கிற நமக்கு அது அரை மணி நேர வேலை. அவளுக்கு அது ஒரு நாள் கூலி.

இதற்கெல்லாம் செலவு என்று பார்த்தால் ஒரு ஸ்டூலின் விலை, கொஞ்சம் காப்பித்தூள், வருஷத்துக்கு ஒரு தடவை சில நூறு ரூபாய். நம் மளிகைக் கணக்கில் இது எந்த மூலைக்கு? ஆனால் வேலைக்கு வருகிறவள் காலையில் கதவைத் தட்டும்போது முகம் எப்படி இருக்கிறது என்பதில் வித்தியாசம் தெரியும்.

அடுத்த பண்டிகைக்குத் துணி எடுக்கக் கிளம்பும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். போகும் முன் வீட்டில் வேலை செய்பவளைப் பார்த்து, "உனக்கு இங்கே எதும்மா கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். அவள் உடனே சொல்லமாட்டாள். இரண்டாம் தடவை கேளுங்கள். கடையில் போய் உட்கார்ந்ததும் புடவையைக் கேட்பதற்கு முன்னால், "இந்தப் பொண்ணுக்கு ஸ்டூல் எங்கே?" என்று கேளுங்கள்.

என்ன, கேட்பீர்களா?